உயிர் இரையுடன் பாஸ் மீன்பிடிப் பயணம்: ஒகீச்சோபி ஏரிக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஒகீச்சோபி ஏரியில், உயிருள்ள ஷைனர் மீனை இரையாக வைத்துப் பெருவாய் பாஸ் பிடிக்க வருபவர்களை என் படகில் அழைத்துச் செல்வது என் தொழில். முன்பதிவு செய்வதற்கு முன்னும், விடியற்காலையில் படகுத் துறையில் நிற்கும்போதும் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியுள்ளேன். எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு இரைத்தொட்டியிலேயே வந்து நிற்பதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம். இந்த முறையில் பாதி வேலை இரைமீனைத் திடமாக வைத்திருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புவதே அதற்குக் காரணம்.

பெருவாய் பாஸ் எப்படிப்பட்ட மீன்? எவ்வளவு பெரிதாக வளரும்?

பச்சை கலந்த உடலும், பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கருமையான பட்டையும், கண்ணுக்குப் பின்னால்வரை நீளும் மேல்தாடையும் கொண்ட நன்னீர் மீன் இது. ஃபுளோரிடாவில் வாழும் பாஸை, வடக்கு மாநிலங்களின் பெருவாய் பாஸிலிருந்து வேறான தனி இனமாகவே ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள்; உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், ஃபுளோரிடா பாஸ் அதிக எடைக்கு வளரக்கூடியது. பெரிதாக வளர்பவை பெண் மீன்களே. ஆண் மீன் 5 பவுண்டைத் தாண்டுவது அரிது. 10 பவுண்டு எடையுள்ள ஒரு பெண் மீன் உங்கள் கைக்கு வருகிறது என்றால், அது ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இந்த நீரில் பருந்துக்கும் முதலைக்கும் தூண்டிலுக்கும் தப்பி வாழ்ந்த மீன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபுளோரிடா மாநிலத்தின் சான்றளிக்கப்பட்ட சாதனை எடை 17.27 பவுண்டு, அது 1986இல் போல்க் மாவட்டத்தில் பிடிபட்டது. உலக சாதனையை இருவர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதலாக இருந்தது. இந்த எடைப் பிரிவில் பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், இரண்டும் சமமாகவே ஏற்கப்பட்டன. குரிட்டா பயன்படுத்தியது உயிருள்ள புளூகில் மீன் என்பதை உயிர் இரையை நம்பும் நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வோம்.

ஃபுளோரிடாவில் எத்தனையோ ஏரிகள் இருக்க, ஏன் ஒகீச்சோபி?

கிஸிமி, டோஹோ, இஸ்டொக்போகா ஆகிய ஏரிகளும், வடக்கே ராட்மன் நீர்த்தேக்கமும் சிறந்த பாஸ் நீர்நிலைகளே. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒகீச்சோபியின் அமைப்பு இரைமீனுக்கும் பாஸுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. இப்பகுதிப் பூர்வகுடிகளின் ஹிட்சிட்டி மொழியில் இப்பெயருக்குப் பெருநீர் என்று பொருள். பரப்பு 730 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ 9 அடிதான். இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் கோரையும் சம்பும் கிஸிமி புல்லும் பல மைல் தூரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. நம் ஊர்க் குளங்களை மூடிக்கிடக்கும் அதே ஆகாயத்தாமரை இங்கும் காற்றின் போக்கில் வந்து கோரையோரம் ஒதுங்கிப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. அந்தப் பாயின் அடியில் வெயில் படாத, கூரை போட்ட அறையைப் போன்ற இடம் உருவாகிறது. பெரிய பாஸ்கள் அங்கேதான் கிடக்கும்.

ஏரியைச் சுற்றி ஹெர்பர்ட் ஹூவர் அணைக்கரை 143 மைல் நீளத்துக்கு எழுப்பப்பட்டிருக்கிறது. மேற்கே ஃபிஷ்ஈட்டிங் க்ரீக் ஓடை கலக்கும் இடம் மட்டுமே திறந்திருக்கிறது. 1928ஆம் ஆண்டுப் புயலில் ஏரி நீர் கரைமீறி ஆயிரக்கணக்கானோர் இறந்ததன் விளைவாக எழுந்த கரை அது. நீர்மட்டம் மதகுகளின் வழியே கட்டுப்படுத்தப்படுவதால், சென்ற மாதம் மீன் கிடைத்த கோரைக்காடு இந்த மாதம் வறண்ட தரையாக இருக்கலாம். வழிகாட்டி ஏன் தேவை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.

செயற்கை இரைகள் இவ்வளவு வந்துவிட்ட பிறகும் உயிர் இரை எதற்கு?

செயற்கை இரையை வீசுபவர் மீன் இருக்கும் இடத்தையும், அன்றைக்கு அதற்குப் பிடித்த வேகத்தையும் தாமே கண்டுபிடிக்க வேண்டும்; அந்தக் கலையை நான் மதிக்கிறேன். ஷைனரோ அந்தத் தேடலைத் தானே செய்கிறது. ஆகாயத்தாமரைப் பாயின் அடியில், எந்த வீச்சாலும் எட்ட முடியாத பத்தடி உள்ளே, அது தானாக நீந்திச் செல்லும். பசி இல்லாமல் கிடக்கும் பெரிய மீன்கூடத் தன் முகத்துக்கு முன்னால் பயந்து துடிக்கும் ஷைனரை விட்டுவைப்பதில்லை. முன் அனுபவமே இல்லாதவரும் முதல் நாளிலேயே பெரிய மீனைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பிருக்கும் முறை இது. குறிப்பாக, குளிர்காற்று வீசி மீன்கள் வாய் திறக்க மறுக்கும் நாள்களில் உயிர் இரைக்கும் செயற்கை இரைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஷைனர் என்பது என்ன? கடையில் விற்கும் சிறு மீன் எதுவும் போதாதா?

கோல்டன் ஷைனர் என்பது தட்டையான உடலும் பொன்னிறச் செதில்களும் கொண்ட, இந்த ஏரிகளிலேயே இயல்பாக வாழும் கெண்டைக் குடும்பத்து மீன். பெரிய பாஸுக்கு 6 முதல் 10 அங்குலம்வரை நீளமுள்ளவற்றைப் பயன்படுத்துகிறோம். முதன்முறை பார்ப்பவர்கள், இதுவே பொரித்துச் சாப்பிடும் அளவு இருக்கிறதே என்று வியப்பார்கள்.

பண்ணையில் வளர்ந்த ஷைனரும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆயினும் நான் ஏரியில் பிடித்தவற்றையே நாடுகிறேன். பண்ணைக் குட்டையில் வளர்ந்த மீன் பாஸைக் கண்டதில்லை. அருகில் வந்தாலும் ஓடத் தெரியாமல் நின்றுவிடுகிறது. ஏரியில் வளர்ந்தது எதிரியின் நிழலைக் கண்டாலே மேலே பாய்ந்து வாலால் நீரை அடிக்கும். அந்தப் பதற்றமே பாஸின் வேட்கையைக் கிளப்புகிறது என்பது எங்களில் பலருடைய அனுபவம்.

அவற்றைப் பிடிப்பதும் ஒரு தனி வேலை. கோரையோரத்தில் தெரிந்த இடங்களில் ஓட்ஸ், ரொட்டித்தூள், மாட்டுத் தீவனக் கட்டி ஆகியவற்றைப் போட்டு, மீன் கூடியதும் வீச்சு வலை வீசுவோம். தங்கமீனையும் கார்ப் வகைக் கெண்டைகளையும் உயிர் இரையாகப் பயன்படுத்த மாநில விதி தடை விதிக்கிறது. பாஸ் மீனையே இரையாக வைப்பதும் குற்றம். வீட்டுத் தொட்டியில் வளரும் மீனை எடுத்து வரலாமா என்று கேட்பவர்களிடம் கூடவே கூடாது என்றுதான் சொல்வேன்.

இரைத்தொட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

தொட்டியைத் திறந்து ஷைனரின் மூக்கைப் பாருங்கள். மூக்கு நுனி சிவந்து தேய்ந்திருந்தால், அது நெடுநேரம் தொட்டிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். துடுப்புகளின் அடியில் இரத்தம் கட்டியிருந்தாலும், பக்கவாட்டில் செதில் உதிர்ந்த திட்டுகள் இருந்தாலும், அந்த மீன் தூண்டில் முள்ளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீந்தாது. எல்லா மீனும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திடமான ஷைனர் தொட்டியின் அடிப்பாதியில், நீரோட்டத்தை எதிர்நோக்கி, கூட்டமாக ஒரே திசையில் நிற்கும். கைவலையை உள்ளே விட்டால் வலைக்குள் சிக்க மறுத்துச் சிதறி ஓடும். அப்படி ஓடும் மீனைத்தான் நான் முதலில் எடுத்து முள்ளில் கோர்ப்பேன்.

இந்த மீனின் செதில் மிக எளிதில் உதிரக்கூடியது. உலர்ந்த கையால் ஒருமுறை இறுக்கிப் பிடித்தால் போதும், உள்ளங்கை முழுவதும் பொன்துகளாக ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருந்தாலும் மீனுக்கு அது தோல் உரிந்ததற்குச் சமம். எனவே கையை நனைத்துக்கொண்டு தொடுவதும், இறுக்காமல் ஏந்துவதும் என் படகின் முதல் விதி. மூலைகள் இருந்தால் மீன்கள் அங்கே ஒதுங்கி முட்டிக்கொள்ளும் என்பதால் தொட்டி வட்டமாகவோ, மூலைகள் மழுங்கியதாகவோ இருக்க வேண்டும். காற்றுக்குமிழி நாள் முழுவதும் ஓட வேண்டும். அயோடின் கலக்காத உப்பைச் சிறிது சேர்ப்பது மீனின் களைப்பைக் குறைக்கிறது.

வெப்பம்தான் பெரிய எதிரி. நீர் சூடேற ஏற அதில் தங்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. அதே சமயத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. ஆகவே கோடையில் பனிக்கட்டி தேவைப்படும். ஆனால் அதை நேரடியாகத் தொட்டியில் கொட்டக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் கோடையில் நான் அந்தப் பிழையைச் செய்தேன். குழாய் நீரில் உறைந்த கட்டிகளை இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். அதிலிருந்த குளோரினும் திடீர்க் குளிரும் சேர்ந்து, அரை மணி நேரத்தில் மூன்று டஜன் ஷைனர்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அன்று என்னுடன் வந்திருந்த தந்தையும் மகனும் பகல் முழுவதும் எஞ்சிய நான்கு மீன்களை வைத்துக் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து, மூடிய பாட்டில்களில் உறைந்த நீரை மட்டுமே தொட்டியில் மிதக்கவிட்டு, மெல்ல மெல்லக் குளிரவைக்கிறேன்.

எனக்குத் தூண்டில் பிடித்தே பழக்கமில்லை. படகில் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டும். விடிவதற்குச் சற்று முன்பு துறையிலிருந்து கிளம்பி, கோரைக்காட்டின் விளிம்பை அடைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மின்மோட்டாரால் ஓசையின்றி நெருங்குவோம். படகை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்த, அடித்தரையில் கம்பை ஊன்றுவேன். ஏழு அல்லது ஏழரை அடி நீளமுள்ள உறுதியான தூண்டில் கம்பும், அடர்ந்த செடிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுத்துவரத் தேவையான 50 முதல் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் உங்களுக்குத் தரப்படும். நரம்பில் ஒரு தக்கை, அதற்குச் சில அடி கீழே முள், முள்ளில் ஷைனர்.

எங்கே கோர்ப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. விளிம்பை ஒட்டிப் படகை மெல்ல நகர்த்தும்போது, தாடையின் அடியிலிருந்து மேலுதடுவரை ஊடுருவுமாறு உதட்டில் கோர்ப்பேன். அப்போது மீன் இயல்பாக முன்னோக்கி வரும். ஒரே இடத்தில் காத்திருக்கும்போது முதுகுத் துடுப்பின் அருகே கோர்ப்பேன். பாயின் அடியில் உள்ளே போகவைக்க வேண்டுமானால் வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத்துடுப்பின் அருகே கோர்ப்பேன். நரம்பைச் சற்று இழுத்தால் அது எதிர்த்திசையில், நமக்கு வேண்டிய இடத்தை நோக்கியே, நீந்தும்.

இனி உங்கள் வேலை தக்கையைப் பார்ப்பது. முதல் சில நிமிடங்கள் தக்கை ஒரே சீராக அசைந்துகொண்டிருக்கும்; ஷைனர் அமைதியாக நீந்துகிறது. திடீரென்று அசைவு நின்றுவிடும். பிறகு தக்கை நடுங்கத் தொடங்கும், ஓரடி இப்படியும் ஓரடி அப்படியும் இழுபடும்; சில வேளைகளில் ஷைனர் நீருக்கு மேலேயே துள்ளிப் பாயும். கீழே பாஸ் வந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். இந்த நேரத்தில் படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நானும் எதுவும் சொல்வதில்லை. அடுத்து நீர் ஒருமுறை சுழித்து உருளும், ஓசை கேட்கும், தக்கை காணாமல் போகும்.

மீன் கடித்தவுடன் கம்பைப் பலமாக இழுக்க வேண்டுமா?

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது சர்க்கிள் முள். முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், அது மீனின் வாயோரத்தில் தானாக மாட்டிக்கொள்ளும் வகையில் அமைந்தது. இதில் வெடுக்கென்று இழுத்தால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். எனவே கம்பின் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பை ரீலில் சுற்றி, மறுமுனையில் கனம் தெரிந்ததும் நிற்காமல் தொடர்ந்து சுற்றுங்கள். சாதாரண முள்ளாக இருந்தால், நரம்பு இறுகியதும் உறுதியாக ஒருமுறை இழுக்க வேண்டும்.

மீன் நன்றாக விழுங்கட்டும் என்று நீண்டநேரம் காத்திருப்பது பழைய பழக்கம். அதை நான் ஏற்பதில்லை. விழுங்கவிட்டால் முள் தொண்டைக்குள் இறங்கி, விடுவித்தாலும் மீன் பிழைக்காமல் போகலாம். அப்படி நேர்ந்துவிட்டால், தோண்டி எடுக்க முயலாமல் முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிடுவதே மீனுக்குக் குறைந்த தீங்கு.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

பெரிய மீன் வேண்டும் என்பவர்கள் ஜனவரி முதல் மார்ச்வரை வரட்டும். தென் ஃபுளோரிடாவில் பாஸ்கள் குளிர்காலத்தின் நடுவிலேயே முட்டையிடத் தொடங்கும். அப்போது முட்டை தாங்கிய பெண் மீன்கள் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வருகின்றன. கோடையில் எண்ணிக்கையில் அதிக மீன் கிடைக்கும். ஆனால் விடிந்து சில மணி நேரத்திலேயே வெயில் கடுமையாகிவிடும், பிற்பகலில் இடிமழை ஏறக்குறைய அன்றாட வழக்கம்.

வடக்கிலிருந்து குளிர்க்காற்று வந்து சென்ற மறுநாள் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். சுற்றுலாப் பயணிக்கு அழகான நாள், தூண்டில்காரருக்குக் கடினமான நாள். காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏரி ஆழமற்றது என்பதால் சிறு காற்றுக்கே குட்டையான, செங்குத்தான அலைகள் விரைவில் எழும். காற்று மிகுந்தாலோ, தொலைவில் இடி கேட்டாலோ பயணத்தை நான் நிறுத்திவிடுவேன். திறந்த நீர்ப்பரப்பில் மிக உயரமான பொருள் உங்கள் கையில் உள்ள தூண்டில் கம்புதான் என்பதால் இதில் எந்தப் பேரத்துக்கும் இடமில்லை.

உரிமம் வேண்டுமா? வழிகாட்டியின் உரிமம் போதாதா?

போதாது. கடலில் வாடகைப் படகில் செல்லும்போது படகின் உரிமமே பயணிகளுக்கும் பொருந்தும் என்பதால் பலர் இங்கும் அப்படியே எண்ணிவிடுகிறார்கள். நன்னீரில் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக நன்னீர் மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் 3 நாள் உரிமம் 17 டாலர், 7 நாள் உரிமம் 30 டாலர், ஓராண்டு உரிமம் 47 டாலர். இணையத்தில் வாங்கினால் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் செயலியிலேயே சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். ஏப்ரல் முதல் வார இறுதியிலும் ஜூன் இரண்டாம் வார இறுதியிலும் நன்னீருக்கு உரிமம் தேவையில்லை.

வழிகாட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டிய உரிமம் வேறொன்று. கூட்டாட்சி நீர்வழியான இந்த ஏரியில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுபவர் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் மாலுமி உரிமம் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டுமாறு கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

இருவருக்கான நான்கு மணி நேர அரைநாள் பயணத்துக்குப் பொதுவாக 300 டாலருக்கு மேல் ஆகும். ஆறு, எட்டு மணி நேரப் பயணங்களுக்கு அதற்கேற்பக் கூடும். ஷைனர்களின் விலை பெரும்பாலும் தனிக் கணக்கு. ஏரியில் பிடித்த பெரிய ஷைனர் ஒரு டஜன் 20 டாலரை ஒட்டியும், பருவகாலத்தில் அதற்கு மேலும் விற்கிறது. நல்ல நாளில் அரைநாளுக்கே மூன்று, நான்கு டஜன் செலவாகிவிடும். பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணமா, வாங்கிய அளவு முழுவதற்குமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மனவருத்தங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. வழிகாட்டிக்கு 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு தருவது அமெரிக்க வழக்கம்.

என்ன கொண்டுவர வேண்டும்?

தொப்பி, முழுக்கைச் சட்டை, மழை அங்கி, குடிநீர், உணவு, நீரின் பளபளப்பை நீக்கிக் காட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஆகியவை போதும். வெயில் தடுப்புக் களிம்பைத் துறையிலேயே பூசிக்கொண்டு கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். களிம்பு பட்ட கை ஷைனருக்கும் நல்லதன்று, தொட்டி நீருக்கும் நல்லதன்று. இவ்வகைப் படகுகளில் கழிப்பறை இருப்பதில்லை. பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். முன்கூட்டியே சொன்னால், இடையில் அருகிலுள்ள துறைக்குத் திரும்பி வர நேரம் ஒதுக்கி வழியை வகுத்துக்கொள்ள முடியும்.

குழந்தைகளை அழைத்துவரலாமா? முதலைகள் உண்டா?

தாராளமாக அழைத்துவரலாம். தக்கை நடுங்குவதைப் பெரியவர்களைவிட அவர்களே முதலில் பார்த்துவிடுகிறார்கள். 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்; என் படகில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதை நீட்டித்திருக்கிறேன். எட்டு மணி நேரப் பயணம் அவர்களுக்கு வேண்டாம், நான்கு மணி நேரமே போதும்.

அல்லிகேட்டர் முதலைகள் நிறையவே உண்டு. தக்கையின் அசைவைப் பார்த்து அவை நெருங்கி வருவதும் உண்டு. அப்போது நரம்பைச் சுற்றிக்கொண்டு இடம் மாறிவிடுவோம். கையையோ காலையோ நீரில் தொங்கவிடக் கூடாது. இறந்த ஷைனரை முதலைக்கு எறிய வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்படுவார்கள். முதலைக்கு உணவளிப்பது ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றம். உணவுக்காக மனிதரை நெருங்கப் பழகிய முதலை ஆபத்தாகிவிடுவதால், கடைசியில் கொல்லப்படுவது அந்த முதலைதான்.

பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

சட்டம் அனுமதிக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் ஐந்து பாஸ். அவற்றில் ஒன்று மட்டுமே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். எனினும் என் படகில் எல்லா பாஸ்களையும் உயிருடன் விடுவிக்கிறோம் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறேன். முட்டை சுமக்கும் பத்து வயதுப் பெண் மீனை இழந்தால் ஏரிக்கு அதை ஈடுசெய்ய இன்னொரு பத்தாண்டு தேவைப்படும். ஃபுளோரிடாவின் பல நீர்நிலைகளில் பாஸ் மீனில் பாதரசம் சேர்ந்திருப்பதால், எவ்வளவு உண்ணலாம் என்று மாநில சுகாதாரத் துறையே வரம்பு கூறியுள்ளது. பெரிய, வயதான மீனில் அது கூடுதலாகவே சேர்ந்திருக்கும்.

பெரிய மீன் கிடைத்தால் நிழற்படம் எடுக்கலாமா?

கட்டாயம் எடுக்கலாம், ஆனால் மீன் நீருக்கு வெளியே இருக்கும் நேரத்தை எண்ண வேண்டும். நான் சொல்லும் அளவுகோல் எளியது: மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு வேண்டும் என்று தோன்றும்போது மீனுக்கும் வேண்டும். நிழற்படக் கருவி முதலில் தயாராகட்டும், பிறகு மீன் வெளியே வரட்டும். கீழுதட்டை மட்டும் பிடித்துக் கனமான மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை பழுதாகலாம். ஒரு கையால் உதட்டையும் மறு கையால் வயிற்றின் அடியையும் தாங்கிக் கிடைமட்டமாக ஏந்த வேண்டும்.

8 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள பாஸைப் பிடித்து விடுவிப்பவர்களுக்காக மாநில ஆணையம் 2012 முதல் டிராஃபிகேட்ச் என்ற திட்டத்தை நடத்திவருகிறது. முழு மீனும் எடைக்கருவியின் எண்ணும் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் பதிவு செய்யலாம். எடைக்கருவி எப்போதும் என் படகில் இருக்கும்.

மீன் எதுவும் கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. வழிகாட்டி விற்பது நேரத்தையும் உழைப்பையும் ஏரியைப் பற்றிய அறிவையும்தான். மீனை உறுதியளிப்பவர் உண்மை பேசவில்லை என்றே நான் கருதுவேன். வானிலை காரணமாக நானே நிறுத்தினால் வேறு நாள் தருவேன், அல்லது முன்பணத்தைத் திருப்பித் தருவேன்.

பயணம் முடிந்தபின் மிஞ்சிய ஷைனர்களை என்ன செய்வீர்கள்?

வேறு நீர்நிலையிலிருந்து வந்த இரைமீனையோ அதன் தொட்டி நீரையோ ஏரியில் கொட்டக் கூடாது. நோயும் அயல் உயிர்களும் அப்படித்தான் பரவுகின்றன. கடையில் வாங்கியவை மிஞ்சினால் தொட்டியுடன் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாளுக்கு வைத்துக்கொள்வேன். இதே ஏரியில் என் வலையில் சிக்கியவையாக இருந்தால், பிடித்த கோரையோரத்துக்கே படகைக் கொண்டுபோய், கைவலையில் சிறிது சிறிதாக அள்ளி நீருக்குள் இறக்குவேன். அவை சில நொடிகள் படகின் நிழலிலேயே கூட்டமாக நிற்கும். பிறகு ஒரு மீன் திரும்ப, மற்றவை அதன் பின்னே கோரைக்குள் போய்விடும். துறைக்குத் திரும்ப இதனால் கால் மணி நேரம் கூடுதலாகும் என்பதைப் பயணிகளிடம் காலையிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை.